அதிகாலை மூன்று ஐம்பது

“சாவியை மேசையில வச்சுட்டுக் கிளம்பு” என்றார் மேனேஜர் ராபர்ட்.

இரவு வாட்ச்மேன் மாரீஸ்வரன் வைக்கவில்லை. சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நான் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்ல சார். அதை எப்படி ஆன் பண்ணுறதுன்னே எனக்குத் தெரியாது.”

“மெஷின் பொய் சொல்லுமாலே?”

மேனேஜர் ஒரு தாளை நீட்டினார்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி அது. காலை ஒன்பது மணிக்குள் கைரேகை வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் அரை நாள் லீவு. அப்படித் தாமதமாக வந்த பெண்களின் நேரத்தை யாரோ கம்ப்யூட்டரில் 8.58 என்று திருத்தியிருக்கிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பதினாலு நாள். யார் எதைத் தொட்டாலும் கம்ப்யூட்டர் நேரத்தோடு தானாகக் குறித்து வைக்குமாம். அந்தக் குறிப்பில் திருத்திய நேரம் 3.50 என்று இருந்தது.

அதிகாலை 3.50க்கு ஆபீஸ் சாவி இருப்பது வாட்ச்மேனிடம். பாஸ்வேர்டு? அது மறந்துவிடக் கூடாதே என்று மானிட்டரிலேயே சீட்டில் எழுதி ஒட்டியிருந்தது. போதாததற்கு, திருத்திய பெயர்களில் மாரீஸ்வரன் மனைவி பரிபூரணத்தின் பெயரும் இருந்தது.

வேலை நீக்க ஆர்டர் டைப் ஆகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

“செத்த பொறுங்க சார்” என்றார் சூப்பர்வைசர் சோலைராஜ். “கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளை வச்சு ஒருக்கா பாத்துருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வரச் சொல்லியிருக்கேன்.”

மாரீஸ்வரனுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. சோலைராஜுக்குப் பெண்கள் வைத்திருந்த பெயர் மிளகாய்ப்பொடி. சேத்தூர் பஸ் தாமதமாக வந்து, அதிலிருந்து இறங்கி ஓடி வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, “வாங்க மகாராணிகளா, பஸ்ஸைத் தள்ளிக்கிட்டே வந்தீகளா?” என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டுகிற மனுசர். பரிபூரணம் வீட்டுக்கு வந்து அழுத நாள்கள் உண்டு. அவர் ஆள் கூட்டி வருகிறார் என்றால் நல்லதற்காகவா இருக்கும்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சப்ரீன் வந்தாள். தோளில் லேப்டாப் பை, கையில் ஹெல்மெட். உட்காராமலே தாளை வாங்கிப் படித்தாள்.

“சார், பன்னண்டாம் தேதி பரிபூரணம் கை வச்சது 9.10. அதைத் திருத்தினது அதே பன்னண்டாம் தேதி 3.50. இன்னும் வைக்காத கைரேகையை விடியுறதுக்கு முன்னாடியே எப்படித் திருத்துவாங்க? ஜோசியம் பாத்தா?”

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பதினாலு நாளும் அப்படித்தான் இருந்தது.

சப்ரீன் கம்ப்யூட்டரில் ஒரு பெயரைத் திறந்து மூடினாள். சுவர்க் கடிகாரத்தில் 11.20. கம்ப்யூட்டர் குறித்துக்கொண்ட நேரம் 5.50.

“இதுக்குள்ள போர்டுல ஒரு கடிகாரம் இருக்கு சார். அதுல உலகப் பொது நேரத்தை வச்சிருக்காங்க, அது நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால. ஸ்கிரீன்ல காட்டும்போது நம்ம நேரமா மாத்திக் காட்டும். குறிப்பு எழுதும்போது மாத்தாம அப்படியே எழுதிருது. கைரேகை மெஷின் தனி, அதுல நேரம் சரியா இருக்கு. இதுக்கு மட்டும் அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கிடணும்.”

மேனேஜர் விரல் விட்டுக் கூட்டினார்.

“ஒன்பது இருபது. காலையில ஒன்பது இருபதா?”

அந்த நேரத்தில் மாரீஸ்வரன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். மேனேஜர் வருவது பத்து மணிக்கு; அவருக்குக் கைரேகை கிடையாது. ஆபீஸ் அறையில் இருப்பது ஒரே ஒரு ஆள்.

“நான்தான் சார்” என்றார் சோலைராஜ்.

“நீரா? வாசல்ல நின்னு அந்தத் திட்டுத் திட்டுவீரே!”

“திட்டலைன்னா என்மேல சந்தேகம் வந்துரும்ல சார். பஸ்சு லேட்டா வந்தா அவிய என்ன செய்வாக?”

மேனேஜர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். ஆர்டர் ஏற்கெனவே தயாராக இருந்தது. பெயரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு நிமிட வேலை.

சோலைராஜ் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலைத் தாண்டும்போது பழக்கதோஷத்தில் ஒருமுறை மணி பார்த்துக்கொண்டார்.

மாரீஸ்வரன் சப்ரீனின் ஸ்கூட்டர் வரைக்கும் கூடவே வந்தான். வேலை தப்பிய சந்தோஷம் முகத்தில் இல்லை.

“எம்புட்டு நாள் அந்த மனுசனை வீட்ல உக்காந்து ஏசியிருப்போம்! பாவம், உன்னைக் கூப்பிடாம இருந்திருந்தா அவருக்கு ஒண்ணும் ஆயிருக்காதும்மா. தெரியாமக் கூப்பிட்டு மாட்டிக்கிட்டாரு.”

சப்ரீன் ஹெல்மெட்டை மாட்டப் போனவள் நிறுத்தினாள்.

“தெரியாமலா? நேத்து போன்ல அவருதாண்ணே எனக்கே சொன்னாரு. ‘அந்தக் குறிப்புல அஞ்சரை மணி நேரம் குறையுதும்மா. நான்தான் திருத்தினேன்னு சொல்லிருவோம்னு மேனேஜர் ரூம் வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போனேன், வாய் வரல. நீ வந்து மெஷினைச் சொல்ல வைம்மா’ன்னு.”