துணை வேண்டாத ஆம்பிளை

"ஆம்பிளையா நில்லும் ஹியூபேட்! நெஞ்சை நிமித்தும்!"

கிளறன்ஸ் மாஸ்டர் போட்ட சத்தத்தில் கொட்டாஞ்சேனை மண்டபத்துக் கூரையில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. அவரே எழுதி இயக்கும் நவீன நாடகம். கதாநாயகன் எதற்கும் அஞ்சாதவன். மறிக்க வரும் மனைவியைத் தள்ளிவிட்டு, "ஆம்பிளைக்குத் துணை எதுக்கு?" என்று கர்ச்சித்தபடி தெருவில் இறங்க வேண்டும்.

துறைமுகத்தில் கிளாக்கராக இருக்கும் ஹியூபேட்டுக்கு அந்த வசனம் மட்டும் வாயில் வரமாட்டேன் என்றது. எப்படி வரும்? கடைசி வாங்குப் பலகையில் அவன் மனைவி நேசமலர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

தொண்ணூறுகளின் சண்டைக் காலம். போன மாதம், தனியே நடந்த தமிழன் என்ற குற்றத்துக்காகச் சந்தியில் ஆமி மறித்து, இரண்டு நாள் பொலிஸில் இருந்துவிட்டு வந்தவன் அவன். அன்றிலிருந்து அவள் கூட வருகிறாள். பெண்ணும் பிள்ளையும் பக்கத்தில் நின்றால், ஐடென்டி அட்டையைப் பார்த்துவிட்டுப் போகவிடுவார்கள்.

"மனுசியின்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு வாறவருக்கு வீரம் எங்கயிருந்து வரும்?" மாஸ்டர் எல்லோருக்கும் கேட்கவே சொன்னார். "நாளைக்குத் தனிய வாரும். இல்லாட்டி கதாநாயகனா றேமண்ட் நடிக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹியூபேட்டுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

வீட்டுக்குப் போகும்போதும் மாஸ்டர் விடவில்லை. தனிக்கட்டை மனிதர், வழக்கம்போல அவர்களோடு ஒட்டிக்கொண்டார். பிள்ளைக்கு டொபி கொடுத்து, சந்தி தாண்டும்வரை தூக்கிக்கொண்டும் நடந்தார். வழியெல்லாம் நக்கல். இந்த ஆளுக்கு வேறு வேலையில்லையா என்று ஹியூபேட் மனதுக்குள் புழுங்கினான்.

"நாளைக்கு நீர் வரவேண்டாம், மலர்," என்றான் வீட்டில்.

"பயமில்லையே?"

"பயந்தான். ஆனா இந்தக் கதாநாயகன் பாட் எனக்கு வேணும். பத்து வருசமாத் திரைதானே இழுத்தனான்."

"ஐடென்டியை மறக்காதேங்கோ," என்றாள்.

மறுநாள் வேர்க்க விறுவிறுக்கத் தனியே வந்து சேர்ந்தான். நல்லகாலம், சந்தியில் யாரும் மறிக்கவில்லை. வழியெல்லாம் பட்ட பயமும் மாஸ்டர் மேலிருந்த கோபமும் சேர்ந்து, வசனம் இடிபோல விழுந்தது.

"ஆம்பிளைக்குத் துணை எதுக்கு?"

மண்டபமே கைதட்டியது. "இவன்தான் ஆம்பிளை!" என்று மாஸ்டர் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். பாட் அவனுக்குத்தான் என்பது முடிவாயிற்று. ஹியூபேட்டுக்குக் கண் கலங்கியது.

ஒத்திகை முடியும் நேரம், தேத்தண்ணி குடிக்கப் போன றேமண்ட் ஓடிவந்தான்.

"சந்தியில செக்கிங்! தனிய வாற ஆம்பிளையளை எல்லாம் வரிசையில விட்டிருக்கிறாங்கள்!"

ஹியூபேட் சட்டைப்பையில் ஐடென்டி அட்டையைத் தடவிப் பார்த்தான். மாஸ்டராவது தைரியம் சொல்வார் என்று திரும்பினான். மாஸ்டர் அந்தக் கடைசி வாங்கையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு சொட்டு இரத்தமில்லை.

"தங்கச்சியும் பிள்ளையும் எங்க?"

"நீங்கதானே மாஸ்டர் தனிய வரச்சொன்னீங்க?"

"ஒரு கோவத்தில சொன்னா, உண்மையாவே விட்டிட்டு வாறதோ?" மாஸ்டர் வாங்கில் பொத்தென்று இருந்தார். "இப்ப நான் ஆரோட வீட்டை போறது?"