நூற்றுப் பதினெட்டாம் தாள்

இது நேரில் பார்த்தது அல்ல. லக்சாயினி தன் சினேகிதிக்குச் சொல்லி, அந்தச் சினேகிதி சொல்லி வந்தது. கேட்டபடியே எழுதியிருக்கிறது.

கிழவர் தாள் ஒன்றை மடித்துக் கோட்டுக்குள் வைத்தாரோ, இல்லையோ என்று லக்சாயினிக்கு முதலில் சந்தேகமாகத்தான் இருந்தது. அவர் போன பிறகு எண்ணிப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு இருக்க வேண்டிய பெட்டியில் இருநூற்றுப் பதினொன்று. நூற்றுப் பதினெட்டாம் தாள் இல்லை.

சூரிச்சில் ஓர் ஆவணக் காப்பகம். லக்சாயினி அங்கே சேர்ந்து மூன்று மாதம். இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் முதன்முதல் பல்கலைக்கழகம் போனவள் என்பதால், அவள் வேலை போனால் அது அவளோடு நிற்காது. ஊர்ச்சனம் கூடும் அட்லிஸ்வில் கோயில் வரைக்கும் அந்தக் கதை போகும்.

பெட்டியில் இருந்தவை இரண்டாம் உலகப் போரில் இருந்த ஒரு ஜெர்மன் ஜெனரலின் காகிதங்கள். கொடுத்தவர் அவருடைய மகன் ஹெர் லோமன், வயது எண்பத்தேழு. நாளைக் காலை ஒப்படைப்பில் கையெழுத்து. அதற்கு முன் கடைசியாக ஒருதரம் பார்க்க வேண்டுமென்று வந்திருந்தார்.

தாள் குறைந்தால் மேலதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தால் கிழவரின் பெயர் கெடும். அறிவிக்காவிட்டால் அவள் வேலை போகும். லோமன் இருக்கும் முதியோர் இல்லத்தின் சமையலறையில்தான் அவள் அப்பா இராஜசிங்கம் வேலை செய்கிறார். அவருக்குப் போன் எடுத்தாள்.

“அப்பா, உங்கட லோமன் களவெடுத்திட்டார்.”

“என்னத்தை? கரண்டியையோ?”

“தகப்பன்ரை கடுதாசி ஒண்டை.”

“தகப்பன்ரை கடுதாசியை மகன் எடுக்கிறது களவோ?”

“எங்களுக்குக் குடுத்தாப் பிறகு களவுதான். முப்பத்தோராம் தாளில அந்த மனுசன் ஒரு ஊரையே எரிக்கச் சொல்லிக் கையெழுத்து வைச்சிருக்கு. இது அதைவிட மோசமாத்தான் இருக்கும். பழைய கையெழுத்து, நான் இன்னும் வாசிக்கேல்லை. நம்பர் மட்டும்தான் போட்டனான்.”

“அப்ப நல்ல பிள்ளை எண்டால் மறைக்கத்தானே வேணும்?”

“அப்பா!”

“என்ன அப்பா? இருபது வருசமா நினைவு மலர் எழுதுறன். இண்டைக்கு வரைக்கும் ஒரு கெட்டவன் செத்ததா நான் எழுதேல்லை.”

அது உண்மை. ஒருவர் செத்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலர் என்றால் சனம் இராஜசிங்கத்திடம்தான் வரும்.

“போன மாதம் செத்த ராசா மாமாவுக்கு என்ன எழுதினனீங்கள்?”

“‘மனைவியைக் கண்ணிமைபோல் காத்தவர்’ எண்டு.”

“அவர் அடிச்சு மாமி ரெண்டு தரம் பொலிசுக்குப் போனவ.”

“அதையும் அச்சடிக்கிறதோ?” என்றார் இராஜசிங்கம். பிறகு குரலைத் தணித்தார். “மேலிடத்துக்குச் சொல்ல முதல் வந்து மனுசனோட ஒருக்காக் கதை, பிள்ளை. மரியாதையான ஆள். என்ரை முழுப் பெயரையும் பிழையில்லாமல் சொல்லுறவர்.”

நாலு மணிக்கு இல்லத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் லோமன் தனியாக இருந்தார். இராஜசிங்கம் ஏப்ரனோடு வந்து கோப்பி வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

“ஹெர் லோமன், நூற்றுப் பதினெட்டாம் தாள்” என்றாள் லக்சாயினி ஜெர்மனில்.

“எண்ணுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.”

“எண்ணுவதுதான் என் வேலை.”

அவர் மறுக்கவில்லை. கோட்டுக்குள்ளிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

1947இல் எழுதிய கடிதம். ‘நான் ஜெனரலின் சாரதியாக இருந்தேன். ஊரை எரிக்கும் கட்டளையில் கையெழுத்திட அவர் மறுத்ததை என் கண்ணால் கண்டேன். அவர் நேர்மையானவர்.’

இராஜசிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. “இது நல்ல கடுதாசியெல்லோ! இதை ஏன் மனுசன் ஒளிக்குது?” என்றார் தமிழில்.

லக்சாயினி அதையே ஜெர்மனில் கேட்டாள்.

லோமன் கோப்பிக்குச் சீனி போட்டார். “கையெழுத்து வைத்த கட்டளை முப்பத்தோராம் தாளில் இருக்கிறது. அதை நான் தொடவில்லை. பார்த்திருப்பீர்கள்.”

“பார்த்தேன்.”

“இந்தக் கடிதம் பொய். போருக்குப் பிறகு அப்பா மேல் நடந்த விசாரணைக்காக அம்மா எழுதுவித்தது. அந்தப் பனிக்காலத்தில் சாரதிக்குச் சப்பாத்து இல்லை. கடிதத்துக்குப் பதிலாக அப்பாவின் பூட்ஸைக் கொடுத்தோம். கொண்டுபோனவன் நான். ஒன்பது வயது.”

லோமன் கரண்டியால் கோப்பியைக் கலக்கினார்.

“இதைக் காட்டித்தான் அப்பா விடுதலையாகி வீட்டுக்கு வந்தார். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் இதை நம்பித்தான் வளர்ந்தார்கள். உங்களிடம் வந்தால் இனி மற்றவர்களும் நம்புவார்கள்.”

லக்சாயினி தாளைத் தன் பக்கம் எடுத்தாள். “தாளை எடுக்க முடியாது, ஹெர் லோமன். கூடச் சேர்க்கலாம்.”

காப்பகத்தில் பேனைக்கு அனுமதியில்லை. அவள் பையில் எப்போதும் பென்சில்தான். கொடுத்தாள். கிழவர் தனித் தாளில் இரண்டு வரி எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

வேலை முடிந்து இருவரும் ரயிலுக்கு நடந்தார்கள். மேடையில் இராஜசிங்கம் பையைத் திறந்து, ராசாவின் மலருக்கான அச்சுப்படியை எடுத்தார்.

“அந்தப் பென்சிலைத் தா.”

ஒரு வரியை வெட்டினார். ரயில் வந்தது.

பின்னர் சரிபார்த்தவை இரண்டு. காப்பகப் பட்டியலில் நூற்றுப் பதினெட்டாம் தாள் இருக்கிறது. அதோடு சேர்த்த குறிப்பு: ‘ஒரு சோடி பூட்ஸுக்காக எழுதப்பட்ட பொய். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.’

ராசாவின் நினைவு மலர் ஏழாம் பக்கத்தில், ‘மனைவியைக் கண்ணிமைபோல் காத்தவர்’ என்ற வரியும் இருக்கிறது. அச்சகத்தில் விசாரித்தபோது, வெட்டியிருந்த வரியைத் தன் கையால் திரும்ப எழுதிக் கொடுத்தவர் ராசாவின் மனைவி என்றார்கள்.