விரல் தடங்கள்

மலாயாவில், கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரி மேசையில், காலை வெளிச்சத்தில், ஏழு வயது அஞ்சலை சட்டையில்லாமல் படுத்திருக்கிறாள். உடம்பெங்கும் நீலத் திட்டுகள். "பிள்ளையை அடிச்சனியோ?" என்று யாழ்ப்பாணத்து டாக்டர் பொன்னுத்துரை அவள் அப்பன் காத்தமுத்துவிடம் கேட்கிறார். "சத்தியமா இல்லைங்கய்யா. தானா வருது." டாக்டர் அவள் மேற்கையைப் பிடித்துக்கொண்டு வயிற்றை அழுத்துகிறார். மண்ணீரல் கல்லாக வீங்கியிருக்கிறது. மலேரியாக் காய்ச்சல் என்றால் கொயினா மருந்துக்கு இதற்குள் அடங்கியிருக்கும். கழுத்தெல்லாம் நெறிகட்டியிருக்கிறது. "நோகுதோ, பிள்ளை?" "இல்லைங்க," என்று அஞ்சலை சிரிக்கிறாள். ஈறுகளில் கசிந்த இரத்தம் பற்களுக்கிடையில் நிற்கிறது. டாக்டர் வெகுநேரம் குழாய் வைத்து அவள் நெஞ்சைக் கேட்கிறார். நிமிரும்போது, அவர் பிடித்திருந்த மேற்கையில் ஐந்து விரல்களின் தடமும் செம்புள்ளிகளாக எழும்பியிருக்கிறது. "இப்படித்தாங்கய்யா வருது," என்கிறான் காத்தமுத்து. டாக்டருக்கு மறுபடி அவளைத் தொடக் கை வரவில்லை.