கண்ணாடியில் இருந்த பொட்டு

வெளியே மத்தியான மழையில் தார்ப்பாய் படபடக்கிறது. சாலைக் கடைத்தெருவில் தாணுமாலையனின் அரிசிக் கடை. தராசை ஒதுக்கிவிட்டு வைத்த, அவர் அப்பா காலத்துப் பழைய வால்வு ரேடியோவின் குமிழைச் சேஷன் திருகுகிறான். பேங்க் வேலை போக மிஞ்சிய நேரத்தில் யூடியூப் பார்த்துப் பழகிய கை. அவன் சரிசெய்து கொண்டுவந்திருக்கும் முதல் ரேடியோ இது. பின்பக்கம் வால்வுகள் மெல்லக் கனல்கின்றன. நிலையங்களின் பெயர்கள் இருந்த முகப்புக் கண்ணாடி ஓர் எழுத்துமில்லாமல், கழுவிவைத்த ஜன்னல் போல ஒளிர்கிறது. காலையில் அவன் பெயிண்ட் கரைக்கும் தின்னர் தொட்டுத் துடைத்தபோது அத்தனையும் பஞ்சோடு வந்துவிட்டது. “பழசு இல்லையோ அண்ணாச்சி, எழுத்தெல்லாம் தன்னால உதிர்ந்துடுத்து” என்கிறான், முகத்தைப் பார்க்காமல். “போட்டும் சாமி. எங்க அப்பாவுக்கு எங்க எழுத்து தெரியும்?” என்று தாணுமாலையன் சிரிக்கிறார். ரேடியோ கரகரத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஒரு பெண்குரலில் செய்தி வாசிக்கத் தொடங்குகிறது. அவர் மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு குனிகிறார். “அக்காளுக்க நெயில் பாலிஷ எடுத்து அப்பா இதுல ஒரு பொட்டு வச்சிருந்தாரு. முள்ளு அதுல வந்து நின்னா சிலோன். பேனா பிடிக்காத மனுசன் எழுதுனது அது ஒண்ணுதான். அது எங்கயாக்கும்?” அவர் விரல் வெற்றுக் கண்ணாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் போகிறது. அழுக்கென்று நினைத்துச் சேஷன் சுரண்டியெடுத்த சிவப்பு இன்னும் அவன் கட்டைவிரல் நகத்துக்குள் இருக்கிறது. அந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, அவனும் கூடக் குனிந்து தேடுகிறான்.