நூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்த தாள்

"நூத்திப் பன்னெண்டுக்கு அப்புறம் நூத்திப் பதினஞ்சு வருது. இதென்னக்கா கணக்கு?"

பழைய புத்தகக் கடை தவுசி நிமிர்ந்து பார்த்தாள். நேற்று அவளிடம் ஊர் சுற்றும் வழிகாட்டிப் புத்தகம் வாங்கிப் போன டீச்சர் தபிதா, படகுத்துறை வெயிலில் மூச்சு வாங்க நின்றாள்.

தபிதா, கடலே இல்லாத டொடோமாக்காரி. கடல் பார்க்க ஸான்சிபார் தீவுக்கு வருவது இதுதான் முதல் தடவை. மூன்று சிநேகிதிகளோடு சேர்ந்து போட்ட திட்டம். ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்குப் பிரசவம், இன்னொருத்தி போனையே எடுக்கவில்லை. லீவு வீணாகிறதே என்று தனியாகவே கிளம்பிவிட்டாள். வந்த இரண்டு நாளும் ஓட்டலில், "இன்னும் யாராவது வரணுமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் எதிர் நாற்காலியை எடுத்துப் போனான் சர்வர்.

நேற்றுத் தவுசியும் லேசில் புத்தகம் தந்துவிடவில்லை. தனியாவா கூட்டமாவா, சாப்பிடவா, சுத்தவா, சும்மா உட்காரவா என்று பெண் பார்க்க வந்தவள் மாதிரி விசாரித்தாள். தனியா, சும்மா உட்காரத்தான் என்று சொல்லத் தபிதாவுக்குக் கூச்சமாக இருந்தது.

புத்தகம் என்னவோ அவளுக்கென்றே எழுதினது போலத்தான் இருந்தது. 'துணையில்லாமல் வந்தவர்களுக்கு: மணல்திட்டு நடை, பக்கம் 113' என்றது பொருளடக்கம். யாரும் எதுவும் கேட்காத ஓர் இடம்! நாளைக்கு ஊர் திரும்பணும், இன்றைக்கு விட்டால் இல்லை. ஆசையாகப் புரட்டினால் அந்தத் தாளையே காணோம்.

வேறு நல்ல புத்தகம் தருவதாகச் சொன்னாள் தவுசி. தபிதா கேட்கவில்லை. அடுக்கிலிருந்து அதே புத்தகத்தின் நாலு பிரதிகளை அவளே உருவினாள். நாலிலும் அதே தாள் இல்லை. பிளேடால் ஒட்ட அறுத்த தடம்.

"இந்தக் கடையில அந்தத் தாள் கிடைக்காது டீச்சரம்மா," என்றார் பக்கத்தில் காப்பி விற்கிற மக்காமே, கடலை மிட்டாயை மென்றபடி. "புத்தகம் வந்ததும் முதல் வேலையா அக்கா அதைத்தான் அறுக்கும்."

தபிதாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நல்ல இடம் போட்ட தாளை உருவி, வெள்ளைக்காரர்களுக்குத் தனியாக விற்கிற தந்திரம்!

"தனியா வந்தவதானே, கேக்க ஆளில்லைன்னு நினைச்சீங்களா?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. படகுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தவுசி ஸ்டூலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தாள். உள்ளே அத்தனையும் அதே தாள்.

"பாத்தீங்களா?" என்றாள் தபிதா, நின்றவர்களிடம்.

"படிங்க தங்கச்சி," என்று ஒன்றை நீட்டினாள் தவுசி.

கடல் வற்றும்போது திட்டுக்கு நடந்தே போகலாம். படகும் வேண்டாம், துணையும் வேண்டாம். மூன்று மணி நேரம் தாராளமாக உட்காரலாம் என்று போட்டிருந்தது.

"ஒரு மணி நேரம்கூடக் கிடையாது," என்றாள் தவுசி. "தண்ணி முன்னால வராது, முதுகுப் பக்கமா வந்து வழிய மூடிடும். நாம கடலப் பாத்து உக்காந்திருப்போம்."

மக்காமே மெல்வதை நிறுத்தினார்.

"ஒரு பொண்ணு அப்படி மாட்டிக்கிட்டா. என் வீட்டுக்காரர் இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு நீந்திப் போனார். நாங்க கரையிலேருந்து இழுத்தோம். கயித்துல வந்தது அவ மட்டும்தான்."

தபிதாவின் கையிலிருந்த தாளை வாங்கி டின்னுக்குள் வைத்து மூடினாள் தவுசி.

"அவளும் தனியா வந்தவதான் தங்கச்சி. 'உனக்கு ஏத்த புத்தகம் இது'ன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன்."