நெட்டையன் அடித்த பந்து

கோல்ஃப் மைதானத்தில் அன்று பெரிய போட்டியின் கடைசி நாள். ஓரத்துத் தரையில் இரண்டு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது ஒரு பெண் ஆட்காட்டிக் குருவி. காவலிருக்கவேண்டிய அதன் கணவனோ, ஜெயிக்கப்போவது நெட்டை ஆட்டக்காரனா குட்டை ஆட்டக்காரனா என்று மைனாவோடு மல்லுக்கு நின்றது.

“இந்தத் தடவை கோப்பை குட்டையனுக்குத்தான்” என்றது மைனா.

“போடா! தரை காய்ஞ்சு கல்லாக் கெடக்கு. எங்க நெட்டையன் அடிச்சா பந்து நிக்காம உருளும், பாரு!”

“ஒரு மழை பெஞ்சாத் தேவலைங்க” என்றது மனைவி. “முட்டை கொதிக்குது. குளத்துல நெஞ்சை நனைச்சுட்டு வந்து குளுத்துறேன். அதுவரைக்கும் நீங்க உக்காருங்க.”

“மழையா? வாயக் கழுவு! நெட்டையன் தோத்துருவான். நீ போ, இந்த அடியைப் பாத்துட்டு உக்காந்துக்கறேன்.”

நெட்டையன் அடித்தான். விழுந்த பந்து நிற்கவில்லை. “போ, போ!” என்று குதித்தது ஆட்காட்டி. பந்து புல்லைத் தாண்டியது, ஓரத்துக்கு வந்தது, முட்டைகளின் மேல் ஏறித்தான் நின்றது.

நெஞ்சில் நீர் சொட்டச் சொட்டத் திரும்பிய மனைவி, உடைந்து கிடந்தவற்றின் மேலேயே உட்கார்ந்தது. பிறகு கேட்டது: “யாரு அடிச்சதுங்க?”

எவ்வளவு தூரத்தில் வந்தாலும் நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் ஆட்காட்டி, தலை குனிந்துகொண்டது.

“தெரியல புள்ள.”