முழுநேர ஊழியம்

ராஜினாமா கடிதத்தை முதலாளி இரண்டு முறை படித்தார். பதினாறு வருடங்களாகத் தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், விற்பனை மேலாளரான அவள் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“சர்ச்சுல முழுநேர ஊழியமா? அப்படி என்னம்மா வேலை?”

“வர்றவங்களை நல்லா கவனிக்கணும் சார். ஆராதனை முடிஞ்சதும் எல்லாருக்கும் சாப்பாடு போடணும். வெளியூர்க்காரங்களுக்குத் தங்க இடம் பார்க்கணும். இப்போதைக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் போய் சமைக்கிறேன்.”

“விற்பனையை மூணு மடங்காக்கின ஆளு, அங்க போய்க் கரண்டி பிடிக்கணுமா?”

“அதுலதான் சார் எனக்குச் சந்தோஷம்.”

“ஆறே மாசத்துல சலிச்சுப்போச்சுன்னா?”

“சலிக்காது சார்.”

அவர் பேனாவைத் திறந்தார். திட்டப்போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவரோ கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை நீட்டினார்.

“சந்தோஷமா போயிட்டு வாம்மா. ஆனா நீ வைக்கிற குழம்புல மட்டும் கொஞ்சம் உப்பைக் குறை.”

“சார்?”

“வீட்டுக்காரி போய்ச் சேர்ந்ததுல இருந்து, லீவு நாள்ல தனியா சாப்பிட்டா தொண்டையில இறங்க மாட்டேங்குது. ஒருநாள் உங்க சர்ச் பக்கமா நடந்து போனேன். வாசல்ல நின்னவர் யாரு எவருன்னுகூடக் கேக்காம உள்ள கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சாரு. அஞ்சு வாரமா ஞாயித்துக்கிழமை எனக்கு அங்கதான் சாப்பாடு. நீ அடுப்படியை விட்டு வெளியே வந்தாத்தானே தெரியும்!”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

“இந்த வாரம் உங்களுக்கு என்ன சார் சமைக்கட்டும்?”

“எதையாவது செய். ஆனா என் பக்கத்துல உட்கார்ந்து நீயும் சாப்பிடணும்.”